நோக்கியா திசை மாறியபோது ஃப்ரீலான்ஸ் மொபைல் புரோகிராமர்களுக்கு நடந்தது என்ன? ஒரு நிகழ்வு ஆய்வு

2011 பிப்ரவரி 11 அன்று லண்டனில் நோக்கியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீஃபன் ஈலோப்பும் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மரும் ஒரே மேடையில் நின்று கூட்டணியை அறிவித்தார்கள். இனி நோக்கியா ஸ்மார்ட்ஃபோன்களின் முதன்மை இயங்குதளம் விண்டோஸ் ஃபோன். அதுவரை அவற்றில் ஓடிய நோக்கியாவின் சொந்த இயங்குதளமான சிம்பியன் மெல்ல விலக்கப்படும். அதற்கு முந்தைய 2010ஆம் ஆண்டில் உலகம் முழுக்க விற்ற ஸ்மார்ட்ஃபோன்களில் 37.6 சதவீதம் சிம்பியன் ஃபோன்கள் என்று கார்ட்னர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. ஆண்ட்ராய்டின் பங்கு 22.7 சதவீதம். விற்பனையில் முதலிடத்தில் இருந்த இயங்குதளத்தை அதன் சொந்தக்காரரே கைவிட்டார்.

அந்த முடிவு நோக்கியாவுக்குச் சரியா தவறா என்று ஏராளமாக எழுதியாகிவிட்டது. இங்கே அதற்குள் போகவில்லை. நோக்கியாவிடம் சம்பளம் வாங்காமல், ஆனால் நோக்கியா ஃபோனை நம்பியே பிழைத்தவர்கள் இருந்தார்கள். வீட்டிலும் வாடகை அறையிலும் உட்கார்ந்து க்ளையண்டுக்குச் செயலி எழுதிக் கொடுத்த ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்கள். மொபைல் தொழில்நுட்பம் இப்படித் தலைகீழாக மாறும்போது அவர்களுக்கு வேலை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இயங்குதளத்தில் இன்னும் சரிசெய்யப்படாமல் கிடக்கும் குறைகள்தான் ஃப்ரீலான்சருக்கு வேலை தருகின்றன. அந்தக் குறைகளைச் சமாளிப்பதில் அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக ஆகிறாரோ, அவ்வளவுக்கு அந்த இயங்குதளம் போகும்போது கையில் மிஞ்சுவது குறைகிறது. நோக்கியா விவகாரம் இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

குறைகள் தந்த வேலை

2000களின் நடுப்பகுதியில் மொபைல் புரோகிராமிங் என்றால் பெரும்பாலும் ஜாவா எம்இ, அதாவது சிறு கருவிகளுக்கான ஜாவா. ஒருமுறை எழுதினால் எல்லா ஃபோனிலும் ஓடும் என்பது அதன் வாக்குறுதி. நடைமுறை வேறு. திரை ஒன்றில் 128க்கு 128 பிக்சல், இன்னொன்றில் 176க்கு 208, மற்றொன்றில் 240க்கு 320. நோக்கியாவின் தொடக்க கால சீரிஸ் 40 ஃபோன்கள் பலவற்றில் செயலி அடங்கிய ஜார் கோப்பு 64 கேபியைத் தாண்டக்கூடாது. திரைக்குக் கீழே இருக்கும் இடது சாஃப்ட் கீயை அழுத்தினால் நோக்கியாவில் வரும் எண் −6, மோட்டோரோலாவில் −21. இதைக் கவனிக்காமல் எழுதினால் ‘மெனு’ பட்டன் ஒரு கம்பெனி ஃபோனில் வேலை செய்யும், அடுத்த கம்பெனி ஃபோனில் செத்துக் கிடக்கும்.

இந்தக் குழப்பத்திலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. அதற்குப் பெயர் போர்ட்டிங். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதிய ஒரு கேமை நூற்றுக்கணக்கான ஃபோன் மாடல்களுக்கு ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுக்கும் வேலை இந்தியாவுக்கு வந்தது. படங்களைச் சுருக்குவது, ஒலியைக் குறைப்பது, கீ எண்களை மாற்றுவது, மெமரி போதாத ஃபோனில் பின்னணிப் படத்தையே தூக்கிவிடுவது. பெரிய அறிவியல் எதுவும் இல்லை. பொறுமையும் கையில் ஒரு மூட்டை ஃபோனும் வேண்டும். தனியாளாகவும் இருவர் மூவர் சேர்ந்தும் இதைச் செய்து சம்பாதித்தார்கள்.

சிம்பியன் சி பிளஸ் பிளஸ் இதைவிடக் கடினம், அதனால் கூலியும் கூடுதல். ஜாவாவில் இரண்டு சொற்றொடர்களைச் சேர்க்க ஒரு கூட்டல் குறி போதும். சிம்பியனில் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். 64 எழுத்துக்கு ஒதுக்கிய பஃபரில் 65ஆவது எழுத்து வந்து விழுந்தால் செயலி அந்த இடத்திலேயே நிற்கும். திரையில் ‘யூசர் 11’ என்று வரும். பெயரின் கடைசியில் ‘எல்’ என்ற எழுத்து இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் நடுவழியில் வெளியேறக்கூடியது. அதை அழைக்கும் முன், ஒதுக்கிய மெமரியை, பிறகு விடுவிக்க வேண்டியவற்றின் பட்டியலான க்ளீனப் ஸ்டாக்கில் போட்டு வைக்க வேண்டும். மறந்தால் உடனே எதுவும் தெரியாது. நாலு நாள் கழித்து ஃபோன் தள்ளாடும். சில மெகாபைட் மெமரியில் மாதக்கணக்கில் அணைக்காமல் ஓட வேண்டிய கருவிக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தக் காலத்துக்கு நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் இதைப் பழகவே பல மாதம் பிடிக்கும். பழகியவருக்குப் போட்டி குறைவு.

சைன் வாங்கும் படலம்

2006 வாக்கில் எஸ்60 என்ற நோக்கியாவின் சிம்பியன் ஃபோன் வரிசையில் மூன்றாம் பதிப்பு வந்தபோது முதல் பெரிய முறிவு நடந்தது. சிம்பியன் 9.1இல் பாதுகாப்பு ஏற்பாடு முழுக்க மாறியதால் சிஸ் எனப்படும் பழைய சிம்பியன் நிறுவல் கோப்புகள் எதுவும் புதிய ஃபோனில் ஓடவில்லை. க்ளையண்டுகள் அனைவருக்கும் செயலியைத் திரும்ப எழுதித் தர வேண்டியிருந்தது. இது ஃப்ரீலான்சர்களுக்கு நல்ல வருமானம்.

அதே மாற்றம் ஒரு கதவை மூடவும் செய்தது. ஃபோனின் முக்கியமான வசதிகளைத் தொடும் செயலிக்குச் சிம்பியன் சைன்டு என்ற அமைப்பின் கையொப்பம் தேவைப்பட்டது. அதைப் பெறப் பதிப்பாளர் அடையாளச் சான்று வாங்க வேண்டும். அது பதிவு பெற்ற நிறுவனங்களுக்குத்தான் கிடைக்கும், தனியாளுக்குக் கிடையாது. தனியாளுக்கு இருந்த வழி ஓப்பன் சைன்டு. அது எப்படி நடக்கும் என்றால், செயலியைக் காட்டவேண்டிய க்ளையண்டுக்கு ஃபோன் போட்டு ‘ஸ்டார் ஹேஷ் ஜீரோ சிக்ஸ் ஹேஷ் அடிங்க சார், வர்ற பதினஞ்சு நம்பரைச் சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். அந்த ஐஎம்இஐ எண்ணைத் தளத்தில் கொடுத்து, சிஸ் கோப்பை ஏற்றி, மின்னஞ்சலில் வரும் இணைப்பிலிருந்து கையொப்பமிட்ட கோப்பை இறக்கி அனுப்ப வேண்டும். அது அந்த ஒரு ஃபோனில் மட்டும் ஓடும். பத்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கு என்றால் பத்து எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். சான்றிதழின் காலக்கெடு முடிந்துவிட்டால் ஃபோனின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்து நிறுவும் குறுக்கு வழியும் அன்றைக்கு எல்லாரும் அறிந்தது.

ஆப்பிள் 2008 ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோரைத் திறந்தபோது ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால் தனியாளும் தன் பெயரிலேயே விற்கலாம் என்றது. விற்பனையில் 70 சதவீதம் எழுதியவருக்கு. ஆண்ட்ராய்டு ஒரே ஒருமுறை 25 டாலர் கேட்டது. அதுவரை ஃபோன் வழியாக எதை விற்றாலும் தொலைபேசி நிறுவனங்கள் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட இந்தியச் சூழலில் இது பெரிய விஷயம். நோக்கியா 2009 மே மாதம் ஓவி ஸ்டோர் என்ற தன் செயலிக் கடையைத் திறந்து, பிறகு கையொப்பத்தையும் அங்கேயே இலவசமாகச் செய்து கொடுக்க முன்வந்தது. போட்டியாளர் வந்த பிறகுதான் தனியாளுக்கு இடம் கொடுத்தார்கள். இதை ஃப்ரீலான்சர்கள் மறக்கக்கூடாது. இயங்குதளங்களுக்கு இடையே போட்டி இருக்கும் காலம்தான் தனியாளுக்கு மரியாதையான காலம்.

க்யூட்டி மீது வைத்த நம்பிக்கை

சிம்பியனின் கடினத்தை நோக்கியாவும் அறிந்தே இருந்தது. 2008இல் நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனத்தை வாங்கி, அதன் க்யூட்டி கருவித்தொகுப்பைச் சிம்பியனுக்குக் கொண்டுவந்தது. நிம்மதியாக எழுதக்கூடிய சி பிளஸ் பிளஸ் அது. 2010 அக்டோபரில் நோக்கியா இன்னும் ஒரு படி மேலே போய், சிம்பியனுக்கும் வரவிருந்த மீகோ என்ற புதிய இயங்குதளத்துக்கும் இனி க்யூட்டி ஒன்றுதான் செயலி எழுதும் வழி என்று அறிவித்தது.

இந்த அறிவிப்பை நம்பிக் கற்றவர்கள் தப்பாகக் கணக்குப் போட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உலகின் மிகப்பெரிய ஃபோன் நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னதை நம்பினார்கள். நான்கு மாதம்கூட முழுதாக முடியவில்லை, பிப்ரவரி 11 வந்துவிட்டது. விண்டோஸ் ஃபோனில் க்யூட்டி கிடையாது; அங்கே செயலி எழுத மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழியும் சில்வர்லைட் கருவித்தொகுப்பும்.

யாருக்கு என்ன கிடைத்தது

நோக்கியாவின் உள்ளே இருந்தவர்களுக்கு ஏற்பாடுகள் இருந்தன. சிம்பியன் பணியும் அதில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் 2011இல் அக்சென்ச்சர் என்ற ஆலோசனை, மென்பொருள் சேவை நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார்கள். வேலை போனவர்களுக்காக ‘பிரிட்ஜ்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சொந்தமாகத் தொழில் தொடங்குவோருக்கு ஒருவருக்கு 25,000 யூரோ வரை கொடுத்தார்கள். பின்லாந்தின் யோல்லா போன்ற நிறுவனங்கள் நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்களால் உருவானவை. ஆட்குறைப்பை இவ்வளவு பொறுப்போடு செய்த நிறுவனங்கள் அதிகம் இல்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

வெளியே இருந்த ஃப்ரீலான்சர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் சிம்பியன் பழகிய மாதங்களுக்கும் வாங்கி வைத்த ஃபோன்களுக்கும் கணக்குக் கேட்க ஆளில்லை. இந்திய ஃப்ரீலான்சர்களுக்கு அதே நேரத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. ரிசர்வ் வங்கியின் விதியால் 2011 மார்ச் 1 முதல் பேபால் வழியாக ஒரு பரிவர்த்தனையில் 500 டாலருக்கு மேல் வாங்க முடியாமல் போனது. வெளிநாட்டு க்ளையண்டிடம் 2,000 டாலர் வேலை முடித்தவர் அதை நான்காக உடைத்து வாங்க வேண்டும். அக்டோபரில்தான் வரம்பு 3,000 டாலராக உயர்ந்தது. புதிய இயங்குதளம் கற்கக் கையில் காசு வேண்டிய அந்த மாதங்களில்தான் காசு வரும் குழாயும் ஒடுங்கிக் கிடந்தது.

சிம்பியன் ஒரே நாளில் செத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னும் 15 கோடி சிம்பியன் ஃபோன்களை விற்கப்போவதாக நோக்கியா சொல்லியிருந்தது. ஆனால் கடைகளில் நிலவரம் வேகமாக மாறியது. 2011ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டிலேயே ஆண்ட்ராய்டு 43.4 சதவீதம், சிம்பியன் 22.1. 2012இல் வந்த 808 ப்யூர்வியூதான் கடைசி சிம்பியன் ஃபோன். 2014 ஜனவரி 1 முதல் நோக்கியா ஸ்டோர் (பழைய ஓவி ஸ்டோர்தான்) புதிய சிம்பியன் செயலிகளையும் அப்டேட்களையும் ஏற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் ஓடிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியதையும் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே வேலை போனவர்களின் போராட்டத்தை ஊர் பார்த்தது. மென்பொருள் பக்கம் தனித்தனியாக இருந்தவர்கள் சத்தமில்லாமல் வேறு வேலைக்குப் போனார்கள்.

இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் வேலை இருந்தது. கையில் பழைய ஃபோன் வைத்திருந்த நிறுவனங்களுக்கு அதைத் தொடர்ந்து ஓட்ட ஆள் தேவைப்பட்டது. மற்றவர்கள் விலகிப் போனதால் இருந்தவர்களுக்குக் கிராக்கி. வாட்ஸாப் எஸ்60 ஃபோன்களுக்கான ஆதரவை 2017 ஜூன் 30 வரை நீட்டித்தது என்பதிலிருந்தே அந்தப் பழைய ஃபோன்கள் எவ்வளவு காலம் பயன்பாட்டில் இருந்தன என்று தெரியும். வால்பகுதி வேலையைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. ஆனால் அதன் கூலியில் ஒரு பங்கு அடுத்ததைக் கற்பதற்கான செலவு என்று எடுத்து வைக்காதவர்கள் கடைசியில் மாட்டிக்கொண்டார்கள்.

நோக்கியாவோடு சேர்ந்தே விண்டோஸ் ஃபோனுக்குப் போனவர்களின் கதை இன்னும் வருத்தமானது. தொடக்கத்தில் ஆதரவு தாராளம். நோக்கியாவும் மைக்ரோசாஃப்டும் ஆளுக்கு 90 லட்சம் யூரோ போட்டு பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ‘ஆப்கேம்பஸ்’ என்ற நிதித் திட்டம் நடத்தி, தேர்ந்தெடுத்த செயலிகளுக்கு 20,000 முதல் 70,000 யூரோ வரை கொடுத்தார்கள். 2012 ஜூனில் விண்டோஸ் ஃபோன் 8 அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் ஃபோன் 7 ஃபோன்களை அதற்கு மேம்படுத்த முடியாது என்றார்கள். லூமியா என்ற நோக்கியாவின் விண்டோஸ் ஃபோனை வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள் கைவிடப்பட்டார்கள். 2017 ஜூலையில் விண்டோஸ் ஃபோன் 8.1க்கும் ஆதரவு நின்றது. ஆறு ஆண்டுகளில் மூன்று முறை முதலிலிருந்து தொடங்கும்படி ஆனது.

கரை சேர்ந்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தார்கள்

ஜாவா எம்இ எழுதியவர்கள் ஆண்ட்ராய்டுக்குச் சுலபமாகத் தாவினார்கள், மொழி ஒன்றே. போர்ட்டிங் தொழில் போய்விட்டது, ஆனால் சிறிய திரை, குறைந்த மெமரி, விட்டுவிட்டு வரும் நெட்வொர்க் ஆகியவற்றோடு மல்லுக்கட்டிய பழக்கம் மலிவு ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அப்படியே கைகொடுத்தது.

தமிழில் செயலி செய்தவர்களுக்கு ஆண்ட்ராய்டு தொடக்கத்தில் ஒரு புதிய குறையைக் கொடுத்தது. முதல் சில பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லை; கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துருவைச் செயலிக்குள் சேர்த்தாலும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ என்று காட்ட, யூனிகோடில் ககரத்துக்குப் பிறகு வரும் ஒரே குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கும் நிரலைத் தானே எழுத வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு நாளிதழ், பக்தி நூல், சமையல் குறிப்புச் செயலிகள் என்று வேலை வந்தது. ஆண்ட்ராய்டே தமிழைச் சரியாகக் காட்டத் தொடங்கியதும் அந்தத் திறமைக்குத் தனி விலை இல்லாமல் போனது. நல்ல விஷயம்தான், எல்லாத் தமிழருக்கும் லாபம். ஆனால் குறை தீர்ந்ததும் கூலியும் தீர்ந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

க்யூட்டியின் முடிவுதான் எதிர்பாராதது. 2012 ஆகஸ்டில் நோக்கியா அதை ஃபின்லாந்தின் டிஜியா என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஃபோனில் தோற்ற அதே க்யூட்டி பிறகு கார்களின் டேஷ்போர்டுத் திரைகளிலும் மருத்துவக் கருவிகளிலும் தொழிற்சாலைப் பேனல்களிலும் நிலைத்துவிட்டது. ஃபோனுக்காகக் கற்றவர்கள் வாகனத் துறைக்குப் போக முடிந்தது; சென்னை, பெங்களூர் பக்கம் அந்தத் துறைக்குப் பஞ்சமில்லை. க்யூட்டி ஒரே ஃபோனுக்கென்று பிறந்தது இல்லை, அதன் மூலநிரலும் திறந்திருந்தது. சொந்தக்காரர் கைவிட்ட பிறகும் அது வாழ்ந்ததற்கு இவை இரண்டும்தான் காரணம்.

சிம்பியன் சி பிளஸ் பிளஸை மட்டும் வைத்திருந்தவர்களுக்குத்தான் மிஞ்சியது குறைவு. டிஸ்க்ரிப்டர் எனப்படும் அந்த எழுத்து பஃபரும் க்ளீனப் ஸ்டாக்கும் வேறு எங்கும் செல்லாது. அவர்களிலும் க்ளையண்டின் தொழிலைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். உதாரணமாக, மருந்து மொத்த வியாபாரிக்கு ஆர்டர் எடுக்கும் செயலி எழுதியவருக்கு பேட்ச் எண், காலாவதித் தேதி, பத்துக்கு ஒன்று ஃப்ரீ, கடைக்குக் கடை மாறும் கடன் வரம்பு எல்லாம் தெரியும். அந்த வியாபாரி ஆண்ட்ராய்டுக்கு மாறும்போது புதியவரைத் தேடி இதையெல்லாம் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க விரும்பமாட்டார். ‘நீங்களே படிச்சுட்டுப் பண்ணுங்க தம்பி, ரெண்டு மாசம் ஆனாலும் பரவாயில்ல’ என்பார். அந்த இரண்டு மாதம்தான் ஒரு ஃப்ரீலான்சருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பிரிட்ஜ் திட்டம்.

இப்போதைய நிலவரம்

இன்றைக்குப் பெருமளவில் புழங்கும் இயங்குதளம் இரண்டே இரண்டு, ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும். அதனால் சிம்பியன் போன்ற திடீர் மரணம் அருகில் தெரியவில்லை. ஆனால் மேலடுக்கில் அதே நாடகம் நடக்கிறது. செயலிகளின் சர்வர் வேலையைப் பார்த்துக்கொண்ட ஃபேஸ்புக்கின் பார்ஸ் சேவை 2017 ஜனவரியில் மூடப்பட்டபோது அதை நம்பிய செயலிகளின் சர்வர் பக்கத்தை முழுக்க இடம் மாற்ற வேண்டியிருந்தது. சாமரின் என்ற செயலி எழுதும் கருவித்தொகுப்புக்கு மைக்ரோசாஃப்ட் 2024 மே 1 அன்று ஆதரவை நிறுத்தியது. ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் சேர்த்து எழுத உதவும் கூகுளின் ஃப்ளட்டர் நல்ல கருவி. இன்றைக்குத் தனியாளுக்கு நானே அதைத்தான் சொல்வேன். அதுவும் ஒரு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது, ஆனால் க்யூட்டியைப் போலவே மூலநிரல் திறந்தது. அந்த ஓர் அம்சம் பெரிய வித்தியாசம்.

நிலையான வருமானம் இப்போது வேறிடத்தில் இருக்கிறது. 2018 முதல் கூகுள் ப்ளே ஆண்டுதோறும் டார்கெட் ஏபிஐ அளவை, அதாவது செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைத்து எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற வரம்பை, உயர்த்திக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு ஆகஸ்டும் ஒரு காலக்கெடு. 2019 ஜனவரியில் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கறாராகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் செலவுக் கணக்கு வைக்கும் செயலிகள் தடுமாறின. அதே ஆண்டு ஆகஸ்டில் செயலிகளுக்கு 64 பிட் பதிப்பும் கட்டாயம் ஆனது. இவை ஒவ்வொன்றும் க்ளையண்டுக்குச் செலவு, ஃப்ரீலான்சருக்கு வேலை. ஏசிக்கும் லிஃப்ட்டுக்கும் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுகிற வியாபாரிக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. ஆண்டு டார்கெட் மாற்றம் ஏஎம்சிக்குள் அடக்கம். அனுமதி விதி மாறிச் செயலியின் ஒரு வசதியையே திருத்தி எழுத வேண்டி வந்தால் தனிக் கட்டணம். கருவித்தொகுப்பே நிறுத்தப்பட்டால் புது ஒப்பந்தம். இந்த மூன்றையும் முதல் நாளே எழுத்தில் பிரித்துவிட வேண்டும். ப்ளே கணக்கு க்ளையண்ட் பெயரில் இருக்கட்டும். செயலிக்குக் கையொப்பமிடும் கீ அடங்கிய கீஸ்டோர் கோப்பும் கடவுச்சொல்லும் இருவரிடமும் இருக்கட்டும். கீயைக் கூகுளே பாதுகாக்கும் ப்ளே ஆப் சைனிங்கில் சேராத பழைய செயலிக்கு அந்தக் கோப்பு தொலைந்தால் அப்டேட்டே போட முடியாது. புதுப் பெயரில் புதுச் செயலியாகத்தான் ஏற்ற வேண்டும்.

கவலை தரும் பக்கமும் இருக்கிறது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் திறந்த ப்ளே கணக்குகளில், செயலியை வெளியிடும் முன் 20 பேரை வைத்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. 2024 டிசம்பரில் அதை 12 பேராகக் குறைத்தது. நிறுவனக் கணக்குக்கு இந்த நிபந்தனை இல்லை. 2025 ஆகஸ்டில் இன்னொன்று: அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பர்களின் செயலிகளை மட்டுமே, ப்ளேக்கு வெளியிலிருந்து வந்தாலும், கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு ஃபோன்களில் நிறுவ முடியும் என்றது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு என்பது அப்போது சொன்ன திட்டம். எதிர்ப்பு வந்ததும் 2025 நவம்பரில் சற்று இறங்கி, விவரம் தெரிந்த பயனர்களுக்கு ஒரு மாற்று வழியும், மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுவோருக்கும் சில கருவிகளுக்கு மட்டும் பகிரக்கூடிய கணக்கும் தருவதாகச் சொன்னது.

மோசடிச் செயலிகளால் ஏமாந்தவர்கள் நம் ஊரிலும் நிறைய. நோக்கத்தில் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கடையின் எட்டுப் பத்து ஃபோன்களுக்கு ஏபிகே எனப்படும் ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பி வேலையை முடிக்கும் ஃப்ரீலான்சர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் தாமதிக்காமல் தங்கள் பெயரிலோ க்ளையண்ட் பெயரிலோ சரிபார்ப்பை முடித்துவிடுவது நல்லது. ஏற்கெனவே கொடுத்த செயலிகள் எந்தெந்தக் கீயால் கையொப்பமிடப்பட்டவை என்று ஒரு பட்டியலும் எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லப்போவது பேக்கேஜ் பெயர் எனப்படும் செயலியின் தனி அடையாளப் பெயரையும் அந்தக் கீயையும்தான்.